அந்த மனுவின் ந.க. எண் என்ன?

பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். ஆம்பூருக்கு அருகில் ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் ஒன்றில் அவரோடு சேர்த்து ஏழு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். மேற்பார்வையாளர் மேலே கை வைப்பதும் கண்டபடி பேசுவதும் மாதக்கணக்கில் நடக்கிறது. மூன்று திங்கட்கிழமைகள் கூலியை விட்டுவிட்டு, சத்துவாச்சாரியில் இருக்கும் வேலூர் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்க் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறார்கள். முதல் மனு காவல் நிலையத்துக்குப் போனது. இரண்டாவது தொழிலாளர் துறைக்குப் போனது. மூன்றாவது மனுவுக்கு, 'தங்கள் பணியிடம் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளது' என்று பதில் வந்தது. 'பெண்களுக்குச் சம உரிமை தருவோம் என்று ஐ.நா.வில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களாம், மகளிர் குழுப் பயிற்சியில் சொன்னார்கள். அப்படிப்பட்ட அரசாங்கத்தை எங்களைப் போன்றவர்கள் எப்படிப் பதில் சொல்ல வைப்பது, அக்கா?' என்பதுதான் கேள்வி.

நீண்ட பதிலுக்கு முன் ஓர் அவசரம். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடைசிச் சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டித்துத் தரலாம். அதை நம்பி உட்கார வேண்டாம். கடைசியாக நடந்தது கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மாசி முடிவதற்குள் உங்கள் கெடு முடிந்துவிடும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க முதலாளி உள்ளகக் குழு அமைக்க வேண்டியதில்லை. உங்கள் புகாரைக் கேட்க வேண்டியது மாவட்டத்துக்கென்று இருக்கும் உள்ளூர்ப் புகார்க் குழு. பணியிடம் ஆம்பூர் வட்டத்தில் இருப்பதால் அது திருப்பத்தூர் மாவட்டக் குழு. மூன்றாவது மனுவுக்கு வந்த பதில் அந்த அளவில் சரியானதே. முதல் திங்கட்கிழமையே அதை யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் ஆத்திரம்.

பழைய வட ஆற்காடாக இருந்திருந்தால் இந்த அலைச்சல் இருந்திருக்காது. 1989-இல் திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆம்பூர், வாணியம்பாடியின் தோல் தொழிற்சாலைகள் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. அங்கே தைக்கப் போகும் பெண்களில் பலருக்கு வீடு இன்னும் குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டங்களில், அதாவது வேலூர் மாவட்டத்தில் இருக்கிறது. காலையில் கம்பெனி வேன் மாவட்ட எல்லையைத் தாண்டிவிடுகிறது, மனுதான் தாண்ட மாட்டேன் என்கிறது.

நான் இதை எந்த இடத்திலிருந்து சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு அருகில் அரசு அலுவலகங்களில் எழுத்தராகவும் பிறகு கண்காணிப்பாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவள். மனுவை நீட்டும் கைகளை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவள். ஓய்வுக்குப் பிறகு நான்கைந்து பெண்களுக்கு மனு எழுதிக் கொடுக்கப் போய் அதுவே வேலையாகிவிட்டது. வழக்கறிஞர் அல்ல. ஒரு கோப்பு எப்படிச் சாகிறது என்று மட்டும் நன்றாகத் தெரியும்.

அது இப்படித்தான் சாகிறது. தபால் பிரிவில் முத்திரை விழும். பகிர்மானப் பதிவேட்டில் ஏறும். ஒரு உதவியாளரின் தன்பதிவேட்டுக்கு வந்து ந.க. எண் பெறும், அதாவது நடப்புக் கணக்கு எண். மனுவின் கடைசி வரி 'ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று இருக்கும். ஆவன என்றால் ஆக வேண்டியவை. எவை ஆக வேண்டும் என்று எழுதியவரும் சொல்லவில்லை, படிப்பவருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே 'மனு உரிய நடவடிக்கைக்காக இன்ன அலுவலருக்கு அனுப்பப்பட்டது' என்று ஒரு வரி எழுதி, மனுதாரருக்கு ஒரு நகல் போட்டால் அந்த எண் முடிந்த எண். மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியல் எடுக்கும்போது அது முடிக்கப்பட்ட மனுக்களின் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். நானே அப்படி எத்தனையோ முடித்திருக்கிறேன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மேசையில் நூறு தாள் இருக்கும்போது, எந்தத் தாளை ஒரு வரியில் முடிக்க முடியுமோ அதைத்தான் கை முதலில் தேடும்.

பெண்கள் கொண்டுவரும் மனுக்கள் இப்படி முடிவதற்கு இன்னும் வசதியானவை. அவற்றில் அழுகை இருக்கும், தேதி இருக்காது. மாமியார் பேசியது ஒரு பக்கம் இருக்கும், எந்தச் சட்டப்படி எந்த அலுவலர் என்ன செய்யவில்லை என்பது ஒரு வரிகூட இருக்காது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நமக்கு யாரும் அப்படி எழுதக் கற்றுக்கொடுக்கவில்லை. ராஜாவிடம் முறையிடுவது போலவே கலெக்டரிடமும் முறையிடப் பழகியிருக்கிறோம். ராஜா மனம் இரங்கினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

கணக்குக் கேட்பது வேறு தொழில். அரசாங்கம் ஒரு சட்டம் போட்டால் அந்தச் சட்டம் யாரோ ஓர் அலுவலரின் தலையில் ஒரு வேலையை வைக்கிறது. அந்த வேலை நடந்தால் ஒரு தாள் உண்டாகும். நடக்காவிட்டால் தாள் இருக்காது. நீங்கள் கேட்க வேண்டியது அந்தத் தாளை. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு மாவட்ட அலுவலர் அறிவிக்கப்பட வேண்டும். அவர் உள்ளூர்ப் புகார்க் குழுவை அமைக்க வேண்டும். அதன் தலைவர் சமூகப் பணியில் இருக்கும் பெண்ணாக இருக்க வேண்டும். அதோடு ஒவ்வொரு வட்டத்திலும் ஒன்றியத்திலும் நகராட்சியிலும் புகாரை வாங்குவதற்கென்று ஒரு தொடர்பு அலுவலரை நியமிக்க வேண்டும். அவர் வாங்கிய புகாரை ஏழு நாளுக்குள் குழுவுக்கு அனுப்ப வேண்டும். குழு தொண்ணூறு நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். ஆம்பூர் வட்டத்தில் அந்தத் தொடர்பு அலுவலர் யார் என்று உங்கள் ஏழு பேரில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் மூன்று நாள் கூலி மிஞ்சியிருக்கும்.

இந்த நியமனங்கள் நாடு முழுவதும் அரைகுறையாகக் கிடந்ததால்தான் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் கெடு வைத்தது. மாவட்ட அலுவலர்களை அந்த மாதக் கடைசிக்குள்ளும், உள்ளூர்ப் புகார்க் குழுக்களை 2025 ஜனவரி 31-க்குள்ளும் அமைக்கச் சொன்னது. சட்டம் வந்து பதினோரு ஆண்டுக்குப் பிறகு! ஆக, 'எங்கள் மாவட்டத்தில் குழு எந்தத் தேதியிட்ட ஆணையால் அமைக்கப்பட்டது?' என்ற உங்கள் கேள்வி வம்புக் கேள்வி அல்ல. உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வியைத்தான் நீங்களும் கேட்கிறீர்கள்.

கேட்கும் கருவி 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு வெள்ளைத்தாள் போதும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு, பலர் அதில்தான் சறுக்குகிறார்கள். 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?' என்று கேட்காதீர்கள். விளக்கம் சொல்வது தகவல் அல்ல என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், சட்டமும் அவர்கள் பக்கம் பேசும். இருக்கிற ஆவணத்தைக் கேளுங்கள். எந்தத் தேதி, எத்தனை, யார், நகல் ஆகிய நான்கு சொற்களுக்குள் கேள்வி நிற்கட்டும். குழு அமைத்த ஆணையின் நகல். ஆம்பூர் வட்டத் தொடர்பு அலுவலரின் பெயரும் பதவியும். கடந்த மூன்று ஆண்டுகளில் குழு கூடிய தேதிகளும் வந்த புகார்களின் எண்ணிக்கையும். மாவட்ட அலுவலர் அரசுக்கு அனுப்பிய ஆண்டறிக்கையின் நகல். கூடவே, நீங்கள் கொடுத்த மூன்று மனுக்களின் ந.க. எண்களும், ஒவ்வொன்றின் மேலும் எழுதப்பட்ட அலுவலகக் குறிப்பின் நகலும். கடைசியாகச் சொன்னதைக் கேட்டுப் பாருங்கள், மேசைக்கு அந்தப்பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். குறிப்பு எழுதியவரின் சுருக்கொப்பம் அதில் இருக்கும் அல்லவா?

முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும், வந்தது மழுப்பலாக இருந்தாலும், அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதற்கும் மேல் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையம் இருக்கிறது. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தகவல் அலுவலரின் சொந்தச் சம்பளத்திலிருந்தே அபராதம் பிடிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆணையம் வேகமாக நடக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் அதுவரை போகத் தேவைப்படாது. ஓர் அலுவலகத்தில், பெயர் வேண்டாம், குழு கூடிய தேதிகளைக் கேட்டு ஒரு பெண்ணுக்கு நான் எழுதிக் கொடுத்தேன். பதில் வந்த கடிதத்தில் ஒரே ஒரு தேதி இருந்தது. அது எங்கள் விண்ணப்பம் அவர்களுக்குக் கிடைத்ததற்கு ஒன்பது நாள் கழித்து வரும் தேதி. சிரித்துக்கொண்டோம். ஆனால் குழு கூடிவிட்டது!

இந்த வழி நம் ஊருக்குப் புதிதும் அல்ல. பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணறெல்லாம் கெட்டபோது, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் வந்த தீர்ப்பை நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மாசுபடுத்தியவனே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. அவர்கள் 'தண்ணீர் கெட்டுவிட்டது, ஆவன செய்யுங்கள்' என்று மட்டும் போகவில்லை. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் அளந்த கணக்கு நீதிமன்றத்தின் முன் இருந்தது: 35,000 ஹெக்டேருக்கு அருகில் விளைநிலம் ஓரளவோ முழுதுமாகவோ பாழ். 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் கொடுத்த அதிகாரத்தைப் பயன்படுத்தி ஓர் ஆணையத்தை ஏன் அமைக்கவில்லை என்று மத்திய அரசையே நீதிமன்றம் கேட்டது. கடமையும் அளவும் சேர்ந்து நின்ற இடத்தில் அரசுக்கு ஒதுங்க வழியில்லாமல் போயிற்று. அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் மறுபடியும் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். தீர்ப்பு வந்த மறுநாளே யாரும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட முடிவதில்லை.

கிணற்றுத் தண்ணீரை அளக்க ஒரு மையம் இருந்தது. குடியாத்தத்தில் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்ணிடம் இலை கொண்டுவருபவன் எப்படிப் பேசுகிறான் என்பதை யார் அளக்கிறார்கள்? அவளுக்கும் இந்த உள்ளூர்ப் புகார்க் குழு ஒன்றுதான் கதி. அதனால்தான் வேறு எதையும்விட அந்தக் குழுவைப் பற்றி இவ்வளவு நீட்டுகிறேன். பெரிய கம்பெனிகளில் சுவரில் போஸ்டராவது ஒட்டியிருப்பார்கள்.

இனி ஐ.நா. கையெழுத்து. பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கை, சுருக்கமாக சீடா என்பார்கள். 1979 டிசம்பர் 18-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. இந்தியா 1993 ஜூலை 9-இல் உறுதிசெய்தது. உறுதிசெய்தபோதே சில இடங்களில் நழுவியும் கொண்டது. சமூகங்களின் சொந்த விவகாரங்களில் அவர்கள் தாமாக முன்வந்து சம்மதிக்காமல் தலையிட மாட்டோம் என்றது. எல்லாத் திருமணங்களையும் கட்டாயமாகப் பதிவுசெய்வது இவ்வளவு பெரிய நாட்டில் நடைமுறைக்கு ஒத்துவராது என்றது. டெல்லி முடியாது என்று எழுதிக் கொடுத்ததைத் தமிழ்நாடு 2009-இல் திருமணப் பதிவுச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கியது. ஆகவே 'முடியாது' என்று ஓர் அரசு சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்.

அந்த உடன்படிக்கையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் நேராக ஜெனீவாவுக்குப் போக முடியாது. தனிநபர் புகார் செய்ய வழிவிடும் விருப்ப நெறிமுறையை இந்தியா ஏற்கவில்லை. அரசு அவ்வப்போது அறிக்கை தரும், ஐ.நா.வின் சீடா குழு கேள்வி கேட்கும், பெண்கள் அமைப்புகள் மாற்று அறிக்கை தரும். 2014 ஜூலையில் இந்தியாவை அப்படி விசாரித்தார்கள். பயிற்சி வகுப்பில் இதைப் பெரிதாகச் சொல்லியிருப்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தக் கையெழுத்தால் உங்களுக்கு நேரடியாகவே ஒரு பயன் கிடைத்திருக்கிறது. ராஜஸ்தானில் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராமப் பணியாளராக இருந்தவர் பன்வாரி தேவி. அரசு சொன்ன வேலையைத்தான் செய்தார். 1992-இல் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காகக் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். 1995-இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. வேலைக்குப் போகும் பெண்ணைப் பாதுகாக்கச் சட்டமே இல்லையே என்று பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1997-இல் விசாகா வழக்கில் நீதிமன்றம் சீடாவை எடுத்து வைத்து, நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை இதுவே சட்டம் என்று நெறிமுறைகளை எழுதியது. நாடாளுமன்றத்துக்கு அதற்குப் பதினாறு ஆண்டு பிடித்தது. அப்படி வந்ததுதான் 2013-ஆம் ஆண்டுச் சட்டம். நீங்கள் ஆம்பூரில் கொடுக்கப்போகும் புகாருக்குப் பின்னால் அந்தக் கிராமப் பணியாளர் நிற்கிறார்.

காவல் நிலையத்துக்குப் போன முதல் மனுவுக்கு வருவோம். உங்களுக்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, 'இனி இப்படி நடக்காது' என்று எழுதி வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான ரசீது, முதல் தகவல் அறிக்கை அல்ல. கை வைத்தது புலனாய்வுக்குரிய குற்றம், அதாவது வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தெரிந்தால் வழக்குப் பதிய வேண்டும் என்பது லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் அரசியல் சாசன அமர்வாக இருந்து சொன்னது. இதைவிடக் கூர்மையான ஒன்றும் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவுப்படி, பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கப் பலவந்தம் செய்தல், வன்புணர்வு போன்ற குற்றங்களில் தகவலைப் பதிய மறுக்கும் அரசு ஊழியருக்கே ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை விதிக்கலாம். நிலையத்தில் இதைக் கத்திச் சொல்ல வேண்டாம். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பும் புகாரின் கடைசிப் பத்தியில் அமைதியாக அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள்.

குடும்ப வன்முறைச் சட்டத்திலும் இதே ஏற்பாடு இருக்கிறது. 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டப்படி, மனு கிடைத்ததிலிருந்து சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை நாள் குறிக்க வேண்டும், அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும். காரணமின்றிக் கடமை தவறும் பாதுகாப்பு அலுவலருக்கு ஓர் ஆண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் அபராதமோ உண்டு. அதற்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்று அடுத்த பிரிவிலேயே ஒரு பூட்டுப் போட்டிருக்கிறார்கள். உங்கள் குழுவில் யாருக்காவது தேவைப்பட்டால் தனியாக எழுதுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லை என்று யாரும் நின்றுவிட வேண்டாம். பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் பார்க்காமல், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தர வேண்டும். 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

கிராமசபையை நீங்கள் குறிப்பிடவே இல்லை. ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அங்கே உங்கள் யூனிட் விவகாரத்தைப் பேசச் சொல்ல மாட்டேன், ஊர் வாயில் விழ வேண்டாம். ஆனால் கம்பெனி வேன் நிற்கும் இடத்துக்குத் தெருவிளக்கு, சாராயக் கூட்டம் நிற்கும் பஸ் நிறுத்தம், அங்கன்வாடி நேரம் இவையெல்லாம் அங்கே தீர்மானமாக வேண்டியவை. வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாமல், தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு, எண்ணைக் குறித்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று தமிழ்நாடு 2016-இல் சட்டம் திருத்தியது. தலைவர் நாற்காலியில் மனைவி, பேச்செல்லாம் கணவர் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைவிட மோசமானது ஆம்பூருக்கு மேலே நாயக்கனேரி மலை ஊராட்சியில் நடந்தது. 2021 தேர்தலில் தலைவர் பதவி பட்டியல் இனப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. ஊர் எதிர்த்தது. ஒரே ஒரு பெண் மனுத்தாக்கல் செய்து போட்டியின்றி வென்றார். பதவியேற்பு நீதிமன்ற வழக்கில் சிக்கி நின்றுபோனது. இட ஒதுக்கீட்டு ஆணையில் ஒரு வரி எழுதுவதோடு அரசின் பொறுப்பு தீர்ந்துவிட்டதா, அந்தப் பெண் நாற்காலியில் போய் உட்காரும்வரை நீள்கிறதா? எனக்கு இதில் இரண்டு கருத்து இல்லை.

'இவ்வளவு செய்கிற அரசிடம் கணக்குக் கேட்டால் எதிர்க்கட்சி என்று முத்திரை குத்துவார்களே' என்றும் கேட்டிருக்கிறீர்கள். டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து கட்டணமில்லை. 2023 செப்டம்பரிலிருந்து ஒரு கோடிப் பெண்களுக்கு மேல் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. இவற்றை நான் மட்டமாகப் பேச மாட்டேன். வீட்டில் யாரிடமும் கைநீட்டாமல் குடியாத்தம் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் கிழவிகளைத் தினம் பார்க்கிறேன். ஆனால் அந்த ஆயிரத்துக்கு உரிமைத் தொகை என்று அவர்களே பெயர் வைத்தார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணம் தெரிந்த முப்பது நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று அவர்களே விதி வைத்தார்கள். உரிமை என்றால் மேல்முறையீடு உண்டு, நிராகரித்தால் காரணம் சொல்ல வேண்டும் என்று அரசே ஒப்புக்கொண்ட பிறகு, அதையே மற்ற விஷயங்களிலும் கேட்பது எப்படிக் கட்சி ஆகும்?

சொத்துரிமையிலும் இதே கதைதான். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு கேட்டது. தமிழ்நாட்டுச் சட்டம் 1989-இல் வந்தது, அதுவும் அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களை விட்டுவிட்டு. 2005-இல் மத்தியச் சட்டம் அந்தக் குறையை நீக்கியது. சரி, நம் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் போய் அரை நாள் உட்கார்ந்து பாருங்கள். அக்கா தங்கைகள் வரிசையாக வந்து தங்கள் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கைரேகை வைத்துவிட்டுப் போகிறார்கள். 'சீர் செய்தாயிற்று' என்பார்கள். எத்தனை விடுதலைப் பத்திரம், அவற்றில் எத்தனை பெண்கள் எழுதியது என்பது பதிவுத் துறையின் கணினியில் இருக்கிறது. எந்த அரசும் அதை எண்ணி வெளியிட்டு நான் பார்த்ததில்லை.

இன்னொரு விஷயம், பலர் குழம்பும் இடம். 2025 பிப்ரவரியில் ஜோலார்பேட்டைக்கும் காட்பாடிக்கும் இடையே, கே.வி.குப்பம் அருகே, ஓடும் ரயிலின் மகளிர் பெட்டியிலிருந்து ஒரு கர்ப்பிணி தள்ளிவிடப்பட்டார். வயிற்றில் இருந்த சிசு போயிற்று. குற்றவாளிக்கு அதே ஆண்டு ஜூலையில் திருப்பத்தூர் நீதிமன்றம் சாகும்வரை சிறை விதித்தது. ஐந்து மாதத்தில் தண்டனை, பாராட்ட வேண்டிய வேகம். ஊரும் அதோடு ஓய்ந்துவிட்டது. மகளிர் பெட்டியில் ஆண் ஏறும்போது தடுக்க அந்த வழித்தடத்தில் யார் பணியில் இருந்திருக்க வேண்டும், எத்தனை ரயில்களுக்கு எத்தனை பேர், அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எத்தனை பேர் கூடினார்கள் என்ற கேள்விகள் நீதிமன்றத் தீர்ப்பில் இருக்காது. குற்றவாளியைத் தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை. மற்றதை நாம்தான் ரயில்வேக்குப் பத்து ரூபாய் செலவில் எழுதிக் கேட்க வேண்டும்.

இப்போது உங்கள் காரியம். இந்த முறை கூலியை விட்டுவிட்டுத் திங்கட்கிழமை போக வேண்டாம். திருப்பத்தூர் மாவட்ட உள்ளூர்ப் புகார்க் குழுத் தலைவர், மேற்பார்வை மாவட்ட சமூகநல அலுவலகம் என்று முகவரி எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள். ஏழு பேரும் தனித்தனியாக எழுதுங்கள். கூட்டு மனு என்றால் 'யாரோ தூண்டிவிட்டார்கள்' என்பார்கள், மேலும் ஒவ்வொருவருக்கும் நடந்த தேதி வேறு. தேதி, நேரம், அவர் சொன்ன சொல், பக்கத்தில் இருந்தவர் இவ்வளவும் வேண்டும். வாயில் வராத சொல்லாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் இருந்தால், விசாரணை முடியும்வரை இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ கேட்கச் சட்டம் இடம் தருகிறது, அதையும் சேர்த்துக் கேளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு சமாதானமாகிவிடச் சொன்னால், பணத்தை வைத்துச் சமரசம் செய்யக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது.

தகவல் உரிமை விண்ணப்பம் இரண்டு போடுங்கள். ஒன்று திருப்பத்தூருக்கு, குழுவைப் பற்றி. இன்னொன்று வேலூருக்கு, மூன்று மனுக்களின் ந.க. எண்களையும் குறிப்பு நகல்களையும் கேட்டு. ஏழு பேரில் யாருடைய கையெழுத்து நன்றாக இருக்கிறதோ அவர் எழுதட்டும். தபால் ரசீதுகளை ஒரு பழைய நோட்டில் ஒட்டி வையுங்கள். முப்பத்தோராம் நாள் பதில் வந்திருந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், மேல்முறையீட்டை உட்கார்ந்து எழுதிவிடலாம்.